இதயத்துக்கு எந்த ரத்தப் பரிசோதனை? டிரோபோனின் முதல் அபோபி வரை ஓர் ஒப்பீடு

முழு உடல் பரிசோதனை முடிந்து கைக்கு வரும் அறிக்கையில் இதயத்தின் பேரில் ஏழெட்டு வரிகள் இருக்கும். அவற்றில் இரண்டு மூன்று எண்கள் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அவற்றுள் எது உடனே கவனிக்க வேண்டியது, எது பேசாமல் விட்டுவிடக்கூடியது என்று அந்தத் தடித்த எழுத்து சொல்வதில்லை. உயிர்க்குறிப்பான் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் இந்தப் பொருள்கள், நோய் இப்போது இருக்கிறதா என்பதையோ, இனி வரக்கூடுமா என்பதையோ, கொடுக்கும் சிகிச்சை வேலை செய்கிறதா என்பதையோ அளந்து காட்டுகின்றன. மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகள். அதனால்தான் "இதயத்துக்கு எந்தப் பரிசோதனை சிறந்தது?" என்று பொதுவாகக் கேட்பவருக்கு நேரான பதில் கிடைப்பதில்லை. "இந்த எண் கூடுதலாக வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், குறைவாக வந்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பவரிடமே கேட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டுக்கும் ஒரே பதில் வருமானால் அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் நிலைப்பாடு. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான்.

நெஞ்சு வலி: டிரோபோனினா, சிகே-எம்பியா?

இங்கே போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1950களில் மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட ஏஎஸ்டி என்ற நொதி கல்லீரலிலும் இருப்பதால் குழப்பம் தந்தது. அதன் இடத்துக்கு வந்த சிகே-எம்பி என்ற நொதி எலும்புத் தசையிலும் சிறிதளவு இருப்பதால், கீழே விழுந்து தசை நசுங்கியவருக்கும் நெடுந்தூரம் ஓடியவருக்கும் உயர்ந்தது. இதயத் தசைக்கே உரிய டிரோபோனின் ஐ, டிரோபோனின் டி ஆகிய புரதங்களை அளக்கும் முறை வந்தபின் இந்தக் குழப்பம் நீங்கியது. சிகே-எம்பி இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும், டிரோபோனினோ ஒன்றிரண்டு வாரம் வரை உயர்ந்தே நிற்கும். ஆகவே முதல் மாரடைப்புக்குச் சில நாள் கழித்து இரண்டாவது வந்தால் அதைக் கண்டறியச் சிகே-எம்பி வேண்டும் என்று சிலர் இன்றும் வாதிடுவதுண்டு. டிரோபோனினையே மறுபடி அளந்து, அது மீண்டும் ஏறுகிறதா என்று பார்த்தால் அந்தத் தேவையும் தீர்ந்துவிடுகிறது.

டிரோபோனினைப் பயன்படுத்துவதில் நடக்கும் பிழை வேறு இடத்தில் இருக்கிறது: ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்ப்பது. உயர் உணர்திறன் டிரோபோனின் டி பரிசோதனையில், நலமானவர்களில் 99 விழுக்காட்டினர் லிட்டருக்கு 14 நானோகிராமுக்குக் கீழே இருப்பார்கள். நெஞ்சு வலியோடு வரும் இருவரைக் கற்பனை செய்து கொள்வோம். முதலாமவருக்கு வந்தவுடன் எடுத்த ரத்தத்தில் 9, ஒரு மணி நேரம் கழித்து 15. இரண்டாமவர் நெடுநாள் சிறுநீரக நோயாளி. அவருக்கு முதலில் 38, ஒரு மணி நேரம் கழித்து 39. முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர் முதலாமவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டாமவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருப்பார். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் ஒரு மணி நேர வழிமுறையின்படி, ஒரு மணி நேரத்தில் 5 அல்லது அதற்கு மேல் ஏறிய முதலாமவர்தான் மாரடைப்பு என்ற வரிசையில் வைக்கப்படுவார். ஏறாமல் நிற்கும் இரண்டாமவரைக் கண்காணிப்பில் வைத்து மீண்டும் அளந்து பார்ப்பார்கள். சிறுநீரக நோய், கிருமித்தொற்று நஞ்சாதல், இதயத் தசை அழற்சி, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு என்று டிரோபோனின் உயரப் பல வழிகள் உள்ளன. இதயத் தசை காயப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். காயப்படுத்தியது எது என்று சொல்லாது.

ஈசிஜியில், ரத்தக்குழாய் அடைபட்டதைக் காட்டும் வகையில் எஸ்டி பகுதி தெளிவாக மேலெழுந்திருப்பவருக்கு டிரோபோனின் முடிவுக்காகக் காத்திருப்பது தவறு. அவருக்கு ரத்தக்குழாயைத் திறப்பதுதான் முதல் வேலை. எண் பிறகு வந்தால் போதும்.

மூச்சுத்திணறல்: பிஎன்பியா, என்டி-புரோபிஎன்பியா?

மூச்சு வாங்குகிறது என்று வருபவருக்கு நோய் நுரையீரலிலா இதயத்திலா என்று பிரித்தறிவது அனுபவமுள்ளவருக்கும் சிரமம்தான். இதயத்தின் கீழறைச் சுவர் இழுபடும்போது அது வெளிவிடும் பிஎன்பி என்ற ஹார்மோன் இங்கே துணைக்கு வருகிறது. 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் அதன் பெயரில் மூளை (பிரெய்ன், பிஎன்பியின் முதல் எழுத்து) ஒட்டிக்கொண்டது. அது பெருமளவில் சுரப்பது இதயத்தில்தான் என்பது பின்னர் தெரிந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. 108 அமினோ அமிலங்கள் கொண்ட முன்னோடிப் புரதம் இரண்டாக உடைகிறது. 32 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு பிஎன்பி. உப்பையும் நீரையும் வெளியேற்றி ரத்தக்குழாய்களைத் தளர்த்துவது அதன் வேலை. 76 அமினோ அமிலங்கள் கொண்ட மற்றொரு துண்டு என்டி-புரோபிஎன்பி. அதற்கு உடலில் வேலை எதுவும் இல்லை, அளப்பதற்கு வசதியாக ரத்தத்தில் மிதக்கிறது என்பதைத் தவிர.

இரண்டும் ஒரே உடைப்பில் பிறந்தவை என்பதால் நோயறியும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை. 2002இல் வெளியான, அவசரப் பிரிவுக்கு மூச்சுத்திணறலோடு வந்த 1586 பேரை வைத்து நடந்த ஆய்வில், மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராம் என்ற பிஎன்பி எல்லை 83 விழுக்காடு துல்லியத்தோடு இதயச் செயலிழப்பைப் பிரித்துக் காட்டியது. என்டி-புரோபிஎன்பிக்கு 300க்குக் கீழ் இருந்தால் திடீர் இதயச் செயலிழப்பு இல்லையென்று பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம்; உண்டு என்று சொல்வதற்கான எல்லை, 50 வயதுக்குக் கீழ் 450, 50 முதல் 75 வரை 900, அதற்கு மேல் 1800 என்று வயதோடு உயர்கிறது. இரண்டுக்குமே இல்லை என்று சொல்லும் வலிமை அதிகம், உண்டு என்று சொல்லும் வலிமை குறைவு. இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போன மேலறை நடுக்கத்தில் இரண்டும் உயரும். உடல் பருமன் உள்ளவரிடம் இரண்டும் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக வரும். பருத்த ஒருவருக்குக் குறைவான எண் வந்ததை வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது ஆபத்தானது.

வேறுபாடு நடைமுறையில்தான் இருக்கிறது. பிஎன்பியின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 20 நிமிடம். எடுத்த ரத்தத்திலும் அது வேகமாகச் சிதையும், ஆகவே சில மணி நேரத்துக்குள் அளந்தாக வேண்டும். என்டி-புரோபிஎன்பி குழாயில் நெடுநேரம் தாங்கும். மாதிரியை வேறிடத்துக்கு அனுப்பி அளக்க வேண்டிய இடங்களில் இதுவே வசதி. மறுபக்கம், என்டி-புரோபிஎன்பி வெளியேறச் சிறுநீரகத்தை அதிகம் நம்பியிருப்பதால் சிறுநீரகம் பழுதுபட்டவரிடம் அதன் எண் கூடுதலாக ஊதிக் காட்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று நினைத்தால், முடிவைச் சாய்க்கும் மூன்றாவது ஒன்று உண்டு. இதயச் செயலிழப்புக்கு இன்று பரவலாகத் தரப்படும் சாகுபிட்ரில்-வால்சார்டன் மாத்திரை, பிஎன்பியை உடைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியைத் தடுக்கிறது. அதனால் நோயாளி தேறிக்கொண்டிருக்கும்போதே பிஎன்பி எண் ஏறக்கூடும். நோய் முற்றுகிறதோ என்று வீண் பயம் வரும். என்டி-புரோபிஎன்பியை அந்த நொதி உடைப்பதில்லை என்பதால் அதில் இந்தக் குழப்பம் இல்லை. எந்த மருந்து தரப்போகிறோம் என்று முதல் நாளே தெரியாது. ஒரு பரிசோதனையில் தொடங்கி இன்னொன்றுக்கு மாறினால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடவும் முடியாது. ஆகவே தேர்வு செய்யும் வாய்ப்பு இருக்குமிடத்தில் என்டி-புரோபிஎன்பியிலேயே தொடங்கி அதிலேயே தொடர்வதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

எண்ணைப் பார்த்து மருந்தா, ஆளைப் பார்த்து மருந்தா?

நோயைக் கண்டறிவது வேறு, அந்த எண்ணைத் துரத்திச் சிகிச்சை செய்வது வேறு. ரத்தச் சர்க்கரையைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதுபோல, என்டி-புரோபிஎன்பி 1000க்குக் கீழே இறங்கும் வரை மருந்தைக் கூட்டினால் என்ன என்று கைட்-ஐடி என்ற ஆய்வு 894 பேரிடம் சோதித்தது. 2017இல் வெளிவந்த முடிவு ஏமாற்றமளித்தது: எண்ணைத் துரத்திய குழுவுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவுக்கும் இறப்பிலோ மருத்துவமனைச் சேர்க்கையிலோ வேறுபாடில்லை, ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. காரணத்தைத் தேடினால் அது பரிசோதனையின் குறை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. எண் தெரிந்திருந்தும் இரு குழுவிலும் மருந்தின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கைக்கு வந்த எண்ணால் மருந்துச் சீட்டு மாறாதபோது நோயாளிக்கு மட்டும் எப்படி மாறும்?

2022இல் வெளியான ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வு இதே பரிசோதனையை வேறு விதமாகக் கையாண்டது. இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட 1078 பேரில் ஒரு குழுவுக்கு, மருத்துவமனையிலிருந்து வெளியேறிய இரண்டு வாரத்துக்குள் மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுபோவது திட்டம். ஒவ்வொரு வருகையிலும் என்டி-புரோபிஎன்பி அளக்கப்பட்டது. வெளியேறும்போது இருந்ததைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பான் மருந்தைக் கூட்டுவதை நிறுத்திவைத்து நீர்ப்பெருக்கி மருந்தைக் கவனித்தார்கள். 180 நாளில் இறப்போ மறு சேர்க்கையோ நேர்ந்தவர்கள் வேகமாக மருந்து கூட்டிய குழுவில் 15.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 23.3 விழுக்காடு. முதல் ஆய்வில் எண் எட்ட வேண்டிய இலக்காக இருந்தது; இரண்டாவதில் வேகமாக ஓட்டும் வண்டிக்கு அது பிரேக். நலம் தந்தது வேகமான மருந்தேற்றம்தான் என்றாலும், பிரேக் இல்லாமல் அந்த வேகத்தில் ஓட்டப் பலருக்குத் துணிவு வந்திருக்காது. சிகிச்சை பெறுபவர் இந்தப் பரிசோதனையை மாதாமாதம் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்: மருந்தை மாற்றிக்கொண்டிருக்கும் வாரங்களில் அது பயனுள்ளது, எல்லாம் நிலைப்பட்டு, நடை இயல்பாகி, எடை ஏறாமல் இருக்கும்போது அதை வழக்கமாக எடுப்பதில் பெரிதாகக் கிடைப்பது எதுவுமில்லை.

நோய் வருமுன்: எல்டிஎல், எச்டிஎல் அல்லாத கொழுப்பு, அபோபி

நோய் இன்னும் வராதவருக்கு, அல்லது ஒருமுறை வந்து மீண்டவருக்கு, ரத்தக்குழாயில் படியும் கொழுப்பை எந்த எண்ணால் அளப்பது என்பதே அதிகம் பேரைத் தொடும் தேர்வு. 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் கொலஸ்டிராலுக்குச் சான்றின் பலம் அளவிட முடியாதது. 1994இல் 4444 பேரிடம் சிம்வாஸ்டாடின் என்ற கொழுப்பு குறைக்கும் மருந்தைத் தந்து நடந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு, மொத்த இறப்பையே 30 விழுக்காடு குறைத்துக் காட்டியது. அதன்பின் வந்த, இந்த ஸ்டேடின் வகை மருந்துகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, எல்டிஎல் டெசிலிட்டருக்குச் சுமார் 39 மி.கி. குறைவதற்குப் பெரிய இதயநோய் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைவது தெரிந்தது. எல்டிஎல் வெறும் அடையாளமாக இருப்பதோடு நோய்க்குக் காரணமாகவும் இருக்கிறது. அதனால்தான் அதைக் குறைத்தால் நோய் குறைகிறது.

'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல்லின் கதை இதற்கு நேர்மாறு. அது உயர்ந்திருப்பவர்களுக்கு இதயநோய் குறைவு என்பது உண்மை. அதை மருந்தால் உயர்த்தினால் நோய் குறையும் என்று நம்பி உருவாக்கிய டார்செட்ராபிப், எச்டிஎல்லை 70 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தியும் இறப்பைக் கூட்டியதால் 2006இல் கைவிடப்பட்டது. ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் இதே வழியில்தான் போனது: ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் எண்ணை நன்றாக இறக்கின, மாரடைப்பு குறையவில்லை. பரிசோதனைத் தொகுப்புகளில் ஹோமோசிஸ்டீன் இன்றும் இடம்பெறுவது பழக்கத்தின் வலிமையால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எல்டிஎல்லுக்குத் திரும்பினால், அதை நேரடியாக அளக்காமல் கணக்கிட்டுச் சொல்வதே பரவலான வழக்கம். 1972இல் வந்த ஃபிரீடுவால்டு சூத்திரப்படி, மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல். இருவரின் எண்களைப் பார்ப்போம். ஒருவருக்கு மொத்தம் 185, எச்டிஎல் 60, டிரைகிளிசரைடு 100, எல்டிஎல் 105. மற்றவருக்கு மொத்தம் 190, எச்டிஎல் 35, டிரைகிளிசரைடு 250. அவருக்கும் எல்டிஎல் 105. எல்டிஎல்லை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்தால் முதலாமவருக்கு 125, இரண்டாமவருக்கு 155. இந்த எச்டிஎல் அல்லாத கொலஸ்டிராலை அறிய ஒரு சொட்டு ரத்தமும் கூடுதலாக வேண்டியதில்லை. அறிக்கையின் ஓரத்தில் பேனாவால் கழித்துப் பார்த்தால் போதும். சாப்பிட்டபின் எடுத்த ரத்தத்திலும் அது பெரிதாக மாறாது. டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் ஃபிரீடுவால்டு கணக்கு நிற்காது. இந்தக் கழித்தல் அப்போதும் நிற்கும்.

அபோபி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகக்கூடிய ஒவ்வொரு கொழுப்புத் துகளிலும் அபோபி புரதம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆகவே அபோபியை அளப்பது துகள்களின் தலையை எண்ணுவதற்குச் சமம்; எல்டிஎல் கொலஸ்டிராலை அளப்பதோ அந்தத் துகள்கள் சுமந்து வரும் சரக்கை நிறுப்பது. சுமை குறைந்த சிறு துகள்கள் நிறைய இருப்பவருக்கு எடை இயல்பாக இருக்கும், தலைக்கணக்கு கூடியிருக்கும். நீரிழிவு, வயிற்றுப் பருமன், உயர்ந்த டிரைகிளிசரைடு உள்ளவர்களிடம் இந்த முரண் அடிக்கடி வரும். இரண்டு எண்களும் முரண்படும்போது ஆபத்து அபோபியின் பக்கமே நிற்கிறது. 2019இன் ஐரோப்பிய வழிகாட்டலில், மிக உயர் ஆபத்துள்ளவருக்கு எல்டிஎல் 55க்குக் கீழ், எச்டிஎல் அல்லாதது 85க்குக் கீழ், அபோபி 65க்குக் கீழ் என்று மூன்றுக்கும் இலக்கு உண்டு.

மேலே சொன்ன இரண்டாமவருக்கு நான் அபோபி எடுக்கச் சொல்வேன். முதலாமவருக்குச் சொல்ல மாட்டேன். டிரைகிளிசரைடு குறைவாகவும் எச்டிஎல் இயல்பாகவும் உள்ளவரிடம் மூன்று எண்களும் ஒரே கதையைச் சொல்லும், ஆகவே மூன்றாவதற்குத் தனியே ஊசி வேண்டாம்.

வாழ்நாளில் ஒருமுறை: எல்பி(ஏ)

1963இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்த எல்பி(ஏ), எல்டிஎல் துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்ட வடிவம். அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. உணவோ நடையோ அதை அசைப்பதில்லை, ஸ்டேடினும் குறைப்பதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது டெசிலிட்டருக்கு 50 மி.கி. என்ற எல்லைக்கு மேல் இருக்கிறது. குறைக்கும் மருந்து கையில் இல்லாதபோது அளந்து என்ன பயன் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. நான் தொடக்கத்தில் வைத்த அளவுகோலும் அதைத்தான் கேட்கிறது. இருந்தும் இந்தப் பரிசோதனை தேறுகிறது, ஏனென்றால் எண் உயர்ந்தவருக்கு மாற்றக்கூடிய மற்றவை அனைத்தின் இலக்கும் இறுகுகிறது: எல்டிஎல்லை முன்கூட்டியே, இன்னும் ஆழமாக இறக்க வேண்டும், புகைப்பழக்கத்தை விடுவதை ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது, உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் அளந்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் இதற்கே முதலிடம் தருவேன். ஒரு எச்சரிக்கை: சில ஆய்வகங்கள் மில்லிகிராமிலும் சில நானோமோலிலும் எண்ணைத் தருகின்றன. துகளின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற நிலையான பெருக்கல் கிடையாது, 50 மி.கி.யும் 125 நானோமோலும் தோராயமாக ஒரே வாசலில் நிற்கின்றன, அவ்வளவே.

அழற்சியை அளப்பது: எச்எஸ்-சிஆர்பி

ரத்தக்குழாய் அடைப்பில் கொழுப்போடு அழற்சிக்கும் பங்குண்டு. சிஆர்பி என்ற புரதத்தை நுணுக்கமாக அளக்கும் எச்எஸ்-சிஆர்பி அந்த அழற்சியின் அடையாளம். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் குறைவான ஆபத்து, 3க்கு மேல் கூடிய ஆபத்து. 2008இல் வெளிவந்த ஜூபிடர் ஆய்வு, எல்டிஎல் 130க்குக் கீழும் சிஆர்பி 2க்கு மேலும் இருந்த 17,802 பேரிடம் ரோசுவாஸ்டாடின் தந்து இதயநோய் நிகழ்வுகளை 44 விழுக்காடு குறைத்தது. சிஆர்பிதான் வழிகாட்டியது என்று இதைப் பலர் மேற்கோள் காட்டினாலும், சிஆர்பி குறைவாக உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. அவர்களுக்கும் ஸ்டேடின் அதே அளவு உதவியிருக்குமா என்பதற்கு அதில் விடை கிடையாது. 2017இன் கேன்டோஸ் ஆய்வு இன்னும் தெளிவானது: எல்டிஎல்லைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் கேனாகினுமாப், நிகழ்வுகளை 15 விழுக்காடு குறைத்தது, கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகளையும் சற்றுக் கூட்டியது. அழற்சியை அடக்கும் இன்னொரு மருந்தான கோல்சிசின் குறைந்த அளவில் சில ஆய்வுகளில் பயன் தந்தது, 2024இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் தரவில்லை. சிஆர்பி தன்னளவில் நோய்க்குக் காரணமில்லை என்பதை மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. அது புகை, நெருப்பு வேறெங்கோ. சளி பிடித்தாலும் பல் ஈறு வீங்கினாலும் உயரும். 10க்கு மேல் வந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பதே முறை. ஸ்டேடின் தொடங்கலாமா வேண்டாமா என்று இரு மனமாக இருப்பவருக்கு மட்டும் இது ஒரு பக்கம் சாய உதவும்.

அப்படி இரு மனமாக இருப்பவருக்கு ரத்தத்துக்கு வெளியே இதைவிட நல்ல போட்டியாளர் ஒன்று உண்டு: சிடி ஸ்கேனில் இதய ரத்தக்குழாயின் சுண்ணாம்புப் படிவை எண்ணும் கால்சியம் ஸ்கோர். இந்த ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் ஆபத்தின் காரணங்களையோ அடையாளங்களையோ அளக்க, இது குழாயில் ஏற்கெனவே நடந்துமுடிந்ததை அளக்கிறது. 2018இன் அமெரிக்க வழிகாட்டல்படி, ஸ்கோர் பூச்சியமாக இருந்து, நீரிழிவோ புகைப்பழக்கமோ குடும்பத்தில் இளவயது இதயநோயோ இல்லாவிட்டால் ஸ்டேடினைத் தள்ளிப்போடலாம். 100க்கு மேல் இருந்தால் தொடங்குவதே சரி. நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் பூச்சியம் பெரிய ஆறுதல் தராது, ஏனெனில் இளம் படிவுகளில் சுண்ணாம்பு இன்னும் சேர்ந்திருக்காது.

மாரடைப்பு வந்து ஸ்டேடின் எடுப்பவருக்குத் தேர்வு மிகச் சுருக்கம். கால்சியம் ஸ்கோரால் அவருக்குப் புதிதாகத் தெரிய வருவது இல்லை. ஸ்டேடினே சுண்ணாம்பைக் கூட்டிக் காட்டவும் செய்யும். எல்பி(ஏ) இதுவரை எடுக்காவிட்டால் ஒருமுறை. மாரடைப்புக்குப் பின் சில நாளில் எல்டிஎல் தானாகவே தாழ்ந்துபோகும் என்பதால் முதல் மாதிரியைச் சேர்க்கப்பட்ட நாளிலேயே எடுத்துவிட வேண்டும். மருந்து தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டாவது மாதிரி. அதில் எல்டிஎல் 55க்குக் கீழே வராவிட்டால் எசெடிமைபு என்ற மருந்தைச் சேர்ப்பது அடுத்த படி. வந்தும் டிரைகிளிசரைடு உயர்ந்தே இருந்தால், அபோபி ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.